அம்மா பார்த்து எடுத்த ஒற்றைக்குழல்

அப்பாவுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வந்த அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள். பேராவூரணிப் பக்கம் கடைமடையில் எங்கள் வயல். கதிர் முற்றும் நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கினால், காலையில் அறுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. தாத்தா காலம் வரைக்கும் பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் நாங்கள். அதனால் அப்பாவுக்குத் துப்பாக்கி என்பது பன்றிக்காக மட்டும் இல்லை.

பன்றி ஒரு பக்கம் என்றால் பெரியப்பா ஒரு பக்கம். வாய்க்காலில் அவர் வயல் எங்களுக்கு மேலே. எங்கள் முறைத் தண்ணீரை அவர் அடைத்துக்கொண்டார் என்று ஒவ்வொரு சாகுபடிக்கும் சண்டை வரும். முந்தின வருஷம் அப்பா மண்வெட்டியையே ஓங்கிவிட்டார். நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். மறுநாள் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியிலேயே வரவில்லை. அவர் கோபம் பால் மாதிரி. பொங்கும், இறக்கி வைத்தால் அடங்கிவிடும்.

அப்பா துப்பாக்கி வாங்கத் தஞ்சாவூருக்குப் புறப்பட்டபோது, "பிள்ளைக்குப் பாவாடைத் துணி எடுக்கணுங்க" என்று அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைக்கார பாய் முதலில் இரட்டைக்குழலை எடுத்து வைத்தார். அப்பா அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். அலமாரிக் கண்ணாடியில் தன்னையும் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் மலிவான ஒற்றைக்குழல் ஒன்று, பளபளப்பே இல்லாமல் கிடந்தது.

"இது எப்படிங்க?" என்றாள் அம்மா. வெளி ஆம்பிளையிடம் அவள் வாய் திறந்ததே எனக்கு அதிசயம்.

பாய் அதை நடுவில் மடக்கித் திறந்தார். "ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதாம்மா. வெடிச்சதும் இப்படித் திறந்து, காலித் தோட்டாவ எடுத்துட்டு வேற போடணும்."

"உடனே அடுத்தது வெடிக்காதா?"

"அதுக்குத்தான் இரட்டைக்குழலு."

அப்பா சிரித்தார். "நல்லாக் கேட்ட போ. நீ தோட்டா போடுற வரைக்கும் பன்னி நின்னு வேடிக்க பாக்குமா?"

"ஒத்தக்குழலே போதுங்க. வெல கம்மி" என்றாள் அம்மா தரையைப் பார்த்தபடி.

அப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "மொதல் துப்பாக்கிக்கு இதுதாண்ணே நல்லது. கனமில்ல, கெட்டுப்போக ஒண்ணுமில்ல" என்று பாய்தான் சமாதானம் சொன்னார். பையில் வைக்க அதைக் கழற்றினார். குழலுக்கு அடியில் கையளவு ஒரு கட்டை. "இது இல்லேன்னா குழல் நிக்காது, மடக்குனதும் கையோட வந்துடும். பத்திரம்." அப்பா இரட்டைக்குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் புதுக்கோலம் பழகுகிறவள்போல உற்றுப் பார்த்தாள்.

அம்மா கஞ்சம் என்று நினைத்தேன். பாவாடைத் துணியும் மட்டமாகத்தான் எடுத்தாள்.

மேட்டூர்த் தண்ணீர் வந்த வாரம், அம்மா அந்தக் கட்டையைக் கழற்றிப் பத்தாயத்து நெல்லுக்குள் செருகுவதைப் பார்த்தேன். எலி கடிக்காமலிருக்க வைக்கிறாள் போல.

ஒரு மத்தியானம் அப்பா சேற்றுக்காலோடு உள்ளே ஓடிவந்தார். "அண்ணன் மடைய அடைச்சிட்டான்! இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!" துப்பாக்கியை இறக்கித் தோட்டா போட மடக்கினார். குழல் கையோடு கழன்று வந்துவிட்டது.

"எங்கடி கட்ட?"

"துப்பாக்கியப் பத்தி எனக்கென்னங்க தெரியும்?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ பாத்தியா?"

யார் எது கேட்டாலும் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், வீட்டில் அத்தைமார் எல்லாரும் ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றும் நாக்கு ஒட்டிக்கொண்டது. காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா பரண், பெட்டி, கட்டிலடி எல்லாம் தேடினார். தேடத் தேட வேகம் குறைந்தது. கடைசியில் வியர்த்துப்போய் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "மாடு மேய்க்கிறப்ப எனக்குத் தன் செருப்பக் கழட்டிக் குடுத்தவன்டி அவன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"சாப்பிடுங்க. வெயில் தாழ நான் அக்காகிட்ட போய் மடையத் திறக்கச் சொல்றேன்" என்றாள் அம்மா. அக்கா என்றது பெரியம்மாவை.

அவர் கை கழுவப் போனதும், அம்மா ஒரு வெல்லக்கட்டியை என் வாயில் திணித்து, என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். பேசாமல் நின்றதற்கு ஊரெல்லாம் திட்டும்போது, அம்மா மட்டும் எதற்கு வெல்லம் தருகிறாள் என்று தெரியாமலே தின்று முடித்தேன்.