வேறு கம்பெனி கேபிள்

இன்று மாரெட்பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன்.

அதற்கு பவர் சப்ளையிலிருந்து தனியாக ஒரு கேபிள் போக வேண்டும். என்னுடையது வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. கடைக்காரர் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். வேறு கம்பெனியுடையது.

"கம்பெனி மாறினா உள்ளே கம்பி வரிசையும் மாறலாமே. கார்டு கருகிடாதா?" என்றேன்.

"எதுக்கு டென்ஷன் சார்? சொருகினா உள்ளே போகுதில்ல, அப்போ ஓடும்."

"அப்போ உங்க கம்ப்யூட்டர்ல ஒரு தடவை மாட்டிக் காட்டுங்க."

அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தன் கம்ப்யூட்டரை அன்போடு பார்த்தார்.

"அதுல பில்லு போடணும் சார்."

கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டி பிரிக்கப்படாமல் மேஜையில் இருக்கிறது.

ஒன்றும் ஆகாது என்று கமெண்டில் தைரியம் சொல்ல விரும்புகிறவர்கள், அந்தக் கேபிளை மாட்டிப் பார்க்கத் தங்கள் கார்டை எடுத்துக்கொண்டு கடைக்கு நேரில் வரவும். காபி வாங்கித் தருகிறேன்.