முப்பது காலிப் பாக்கெட்டுகள்

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். படித்து முடித்ததும் கிடைத்தது, ஒரு உணவுக் கம்பெனி நடத்தும் அறக்கட்டளையில் களப்பணியாளர் வேலை. எரியோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் எடை குறைந்த குழந்தைகளின் வீடுகளுக்குச் சத்துத்தூள் பாக்கெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நாளுக்கு ஒரு பாக்கெட், சோற்றில் தூவிப் பிசைந்து ஊட்ட வேண்டும். மாதக் கடைசியில் முப்பது காலிப் பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, போட்டோ எடுத்துப் போனில் ஏற்ற வேண்டும். பாக்கெட் காலி என்றால் குழந்தை சாப்பிட்டுவிட்டது. பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பினேன்.

என் பட்டியலில் இருந்த வீடுகளில் ஒன்று என் அக்கா வீடு. அவள் நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். காலை ஷிப்ட் முடிந்து, பால்வாடியிலிருந்து மகனைக் கூட்டிவந்து சோறு ஊட்டுவாள். அவனுக்கு அப்போது மூன்று வயது. நான் அவனுக்குத் தாய்மாமன். முதல் நாள் பாக்கெட் கட்டை நீட்டியபோது அக்கா இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

திண்டுக்கல் அலுவலகத்தில் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த மேடம் சென்னைக்காரர். யாரையும் அதட்டிப் பேசாதவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டில் ஒரு கூட்டம் நடக்கப்போகிறது என்றார். அரசாங்கங்களும் கம்பெனிகளும் ஒன்றாக உட்கார்ந்து, குழந்தைகளின் சத்துணவுக்கு என்ன வழி என்று பேசப் போகிறார்களாம். "பாருங்க தம்பி, அதுக்கு நாம அனுப்பப் போறது சாதாரண ரிப்போர்ட் இல்ல. எத்தனையோ நாட்டுல இதை வச்சுத் திட்டம் போடுவாங்க. உங்க ஏரியாவுலதான் ஒரு பாக்கெட்கூட மிச்சமில்லாம சாப்பிட்டிருக்காங்க. நீங்களே ஒரு பத்தி எழுதிக் குடுங்க."

மூன்று இரவு உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். அக்காவின் கை காலிப் பாக்கெட்டுகளை விசிறிபோல் விரித்துப் பிடித்திருக்கும் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தேன். புத்தகமாக அச்சாகி வந்தபோது அந்தக் கைதான் அட்டையில் இருந்தது.

ஆனால் மருமகனின் எடை ஏறவில்லை. மாதாமாதம் தராசில் நிறுத்தினால் முள் அதே இடத்தில் நின்றது. மேடமும் கவலைப்பட்டு ஒரு குழந்தை மருத்துவரிடம் அனுப்பினார். பாக்கெட் கணக்கையும் எடையையும் மாதாமாதம் நான் எழுதிவந்த கார்டை அவர் நிதானமாகப் படித்தார். இவ்வளவு சத்து உள்ளே போயும் உடம்பில் ஒட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்றார். இரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். நான்தான் அவனை அமுக்கிப் பிடித்திருந்தேன். "மாமா, விடு மாமா" என்று கத்தினான். அந்தப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய், மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏலே, அந்தக் குழாய் வேணாம்டா."

"பயப்படாதக்கா. செத்த நேரந்தான். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

"அதுக்கில்ல. அவன் அந்தப் பொடிய தின்னதே இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மொத நாளு ஊட்டுனேன். சோறு கறுத்துப்போச்சு. துருப்பிடிச்ச ஆணி மாதிரி ஒரு வாடை. துப்பிட்டு, மறுநா வெறுஞ்சோத்தக் கண்டாலும் வாயத் தொறக்க மாட்டேன்னுட்டான்."

"பாக்கெட்டெல்லாம் காலியா இருந்துச்சேக்கா?"

"ஆட்டுக்குக் கழனித் தண்ணியில கலந்து விட்டேன். தாய்மாமன் கொண்டாந்தத குப்பையிலயா கொட்டுவாங்க? ஒரு பாக்கெட் குறைஞ்சாலும் மேல இருந்து கேப்பாங்கன்னு நீதான சொன்ன? நம்ம வீட்டுல ஒருத்தன் படிச்சு வேலைக்குப் போயிருக்கான், என்னாலயா அது போகணும்?"

கோபத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஆடாச்சும் எடை ஏறுச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். இடுப்பிலிருந்த பையன் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி உள்ளே போனோம். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தக் கார்டு யார் எழுதுனது?" என்றார்.

"நான்தான் சார்."

அவர் மதுரைச் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். பிறகு அக்காவிடம் திரும்பி, பையன் எதை விரும்பித் தின்பான் என்று கேட்டார். இத்தனை மாதத்தில் நான் கேட்காத கேள்வி அது. "முட்டைன்னா தின்பான் சார். அவிச்ச கடலையும் தின்பான்" என்றாள். அதையே கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொடுக்கச் சொன்னார்.

அந்த வாரம் மற்ற வீடுகளுக்கும் போனேன், இந்த முறை பாக்கெட் பையில்லாமல். அக்கா வீட்டு ஆட்டுக் கதையைச் சொன்ன பிறகுதான் ஒரு அம்மா மெல்ல ஒத்துக்கொண்டார். "நாங்க முருங்கை மரத்துக்குப் போட்டோம் அப்பு. காய் அம்புட்டு நீளம் காச்சிருக்கு, வேணும்னா பறிச்சுட்டுப் போ." உடனே முகம் மாறி, "உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்றார். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இதே கதைதான். தூள் பிடிக்கவில்லை என்று ஒரு வீட்டிலும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுதுவதற்குப் படிவத்தில் இடமும் இல்லை.

மேடத்திடம் சொன்னேன். "புத்தகம் போயிடுச்சே தம்பி. கூட்டமும் முடிஞ்சிடுச்சு."

"தப்புன்னு எழுதி அனுப்பலாமே மேடம்."

"யாருக்குன்னு எழுதுறது?"

அது அவருக்கே தெரியவில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த மின்னஞ்சலுக்கு நானே எழுதினேன். என் பத்தி தவறு, அந்தக் குழந்தைகளில் பலர் அதைச் சாப்பிடவில்லை, ஏன் என்று அவர்களின் தாய்மார்களைக் கேளுங்கள் என்று. பதில் வரவில்லை. ஆண்டு முடிவில் என் வேலையும் நீட்டிக்கப்படவில்லை. ஆள் குறைப்பு என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

இப்போது செம்பட்டியில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது, முன்பு நான் கொடுத்த அந்தப் புத்தகம் அலமாரியில் இருந்தது. அக்கா எடுத்து அட்டையைக் காட்டினாள்.

"இது எம்புட்டுத் தூரம்டா போயிருக்கும்?"

"கப்பல்ல போனா மாசக்கணக்கு ஆகும்க்கா."

"அம்புட்டுத் தூரம் என் கை போயிருக்கு. என்னய ஒரு வார்த்தை கேக்கலியே."

கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். அவள் புத்தகத்தை வைத்துவிட்டு முட்டை உரிக்கப் போனாள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மருமகன் ஓடிவந்து, மஞ்சள் கருவை எனக்குக் கொடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்றான். வாங்கித் தின்றுவிட்டேன். பிறகு, "மஞ்சக்கரு ஏன்டா பிடிக்கல?" என்று கேட்டேன். அவன் யோசித்துச் சொல்லும்வரை காத்திருந்தேன்.