மீன் கத்திக்கு ஏற்ற பசை

பிரான்சுக்குக் கிளம்பிய அன்று, கார் வாசலில் நிற்கும்போது, என் மனைவி மீன் கத்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிடி கழன்று தகடு மட்டும் தனியாக இருந்தது. “நான் வர்றதுக்குள்ள பிடி போட்டு வைங்க. வேற கத்தியில எனக்கு மீன் ஆயவே வராது” என்றாள். மகளின் பிரசவத்துக்குப் போனாள். மூன்று மாதம் என்று பேச்சு, எட்டு மாதமாகிவிட்டது. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அதனால் அவளுக்கு அந்நாட்டுக் குடியுரிமை உண்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். தலையெழுத்து, இங்கே நான் ஒருத்தன் சங்கரா மீனைக் கண்ணால் பார்த்தே நாளாகிறது!

“வர்ற மாசம் வந்துடறேங்க” என்று அவள் போனில் சொன்ன மறுநாளே, நேரு வீதிப் பக்கம் பாய் வைத்திருக்கும் ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். “அஞ்சு நிமிஷத்துல புடிச்சிக்கும்ணே” என்று ஓர் எபாக்ஸி பசை கொடுத்தார். தேக்குத் துண்டு இரண்டை இழைத்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் நேர் பார்ப்பதற்குள் பசை கல்லாகிவிட்டது. கோணலாக நின்ற அந்தப் பிடியும் நாலு முறை சுடுதண்ணீரில் கழுவியதும் கையோடு வந்துவிட்டது.

“தண்ணியில பொழங்குற சாமான்னு முன்னாடியே சொல்லக்கூடாதா? மெதுவா இறுகுறதுதான் இதுக்கு வேணும். எங்கிட்ட இல்ல, மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கேளுங்க” என்றார் பாய். வெயிலில் மேட்டுப்பாளையம் போய் மூன்று கடை ஏறி இறங்கி, ஒரு நாள் முழுக்க இறுகும் பசையை வாங்கி வந்தேன். தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, ஒட்டி, கிளாம்ப் போட்டேன். நான் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். ஆலை மூடி எத்தனையோ வருஷமாகியும், இனி திரும்பாது என்கிறவரை முடுக்கினால்தான் என் கைக்கு நிம்மதி. பசை நாலு பக்கமும் வழிந்தது. நல்ல பிடிப்பு என்று சந்தோஷமாகத் துடைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கத்தி கை தவறித் தரையில் விழுந்தது. ஒரு பக்கத்துக் கட்டை தனியே தெறித்தது. உள்ளே தகட்டில் பசையே இல்லை.

அவர் சொன்ன பசைதானே என்று பாய் கடையில் போய்க் கத்தினேன். பாய் கட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னாண்ணே, மில்லுல போல்ட்டு முடுக்குற மாதிரி முடுக்கியிருக்கீங்க! பசையெல்லாம் வெளிய போயிடுச்சி. உள்ள கொஞ்சம் நிக்க வேணாமா? லேசா புடிச்சிட்டு வுட்டுடுங்க, அது பாட்டுக்கு இறுகும்.” அசடு வழிய வீடு திரும்பினேன்.

மூன்றாம் முறை இரண்டே விரலால் கிளாம்பைத் திருகி நிறுத்தினேன். அன்று முழுக்கக் கை துறுதுறுவென்றது. வீட்டில் அதட்டி உட்கார வைக்க ஆளில்லை. அவள் இருந்திருந்தால், “கொஞ்சம் சும்மா கிடங்களேன்” என்று ஒரு சத்தம் போட்டிருப்பாள். அந்த ஒரு சத்தத்துக்காக ஏங்கிப்போனேன்.

இந்த முறை பிடி நின்றது. தண்ணீரில் ஊறப்போட்டேன், வேண்டுமென்றே கீழே போட்டேன், அசையவில்லை. வீடியோவில் காட்டினேன்.

“அடேங்கப்பா! கடையில வாங்குன மாதிரி இருக்கே!” என்றாள். மடியில் பேரன். அவன் வாயைத் துடைத்துவிட்டாள். “ஏங்க, நம்ம பொண்ணு வேலைக்குப் போகணுங்கறா. புள்ளைய பார்த்துக்க ஆளில்ல. இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா? நீங்க வான்னா நாளைக்கே கெளம்பிடறேன்.”

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதற்கும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள். அது வாய் வரைக்கும் வந்தது. பேரன் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுகாலம்.

“இரு, இரு. எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்” என்றேன்.

போன் அணைந்தது. ஆளில்லாத அடுப்படியைப் பார்த்து, “வந்துடுடி” என்று சத்தமாகவே சொன்னேன்.