தலையிலிருந்து எடுத்த கை

என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு இருக்கிறது. துண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம். தூத்துக்குடியில் என் பிசியோதெரபி கிளினிக்கின் ஒரு பாதியில் மூன்று வருடம் வேலை பார்த்த நாசரேத்து டாக்டரம்மா, வெளிநாடு போகும்போது விட்டுச் சென்றது. வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நான் தினமும் துடைத்து வைக்கிறேன்.

அவர் படித்து வந்தது கிரேனியல் ஆஸ்டியோபதி, தலையை மெல்லப் பிடித்துச் செய்யும் கைச்சிகிச்சை. மண்டையோடு ஒரே கல் அல்ல, ரம்பப் பல்லாகக் கோத்துக்கொண்ட எலும்புகள். அந்தப் பொருத்துகளில் மயிரிழை நெகிழ்வு உண்டாம். மூளையைச் சுற்றிய நீரில் மூச்சும் நாடியும் அல்லாத மெதுவான ஏற்ற இறக்கம் ஒன்று முதுகின் அடிவரை ஓடுகிறதாம். ஒரு நாணயத்தின் கனத்துக்குமேல் அழுத்தாத கை அதை உணரும் என்பார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதற்குச் சான்று போதாது என்று நானும் படித்திருந்தேன். “தலையப் பிடிச்சிக்கிட்டே உறங்குதியளோ?” என்று கேலி செய்வேன். சிரிப்பாரே தவிரக் கோபித்ததில்லை.

ஒரு மாலை, சங்கு குளிக்கிறவர் ஒருவரை அவர் மனைவி இழுத்து வந்தார். தலைவலிக்காக அந்த மனிதர் தலையைத் துண்டால் இறுகக் கட்டியிருந்தார். “நாளைக்கு முங்குனா தானாப் போயிரும். இவதான் கேக்க மாட்டேங்கா,” என்றார். கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்கி ஆழத்தில் சங்கு எடுப்பவர்களிடம் அப்படியொரு பழக்கம். மேலே வந்து வலித்தால் மறுபடி இறங்குவார்கள். ஆழத்தில் வலி அடங்கும். அதையே மருந்தென்று நம்புவார்கள்.

டாக்டரம்மா துண்டை அவிழ்த்து, பின்மண்டைக்கடியில் இரு கைகளையும் வைத்தார். “நல்லா அமுக்கும்மா,” என்றார் அவர். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. “வலி போயிட்டும்மா,” என்று எழுந்தார். எனக்கே ஆச்சரியம். வாசலுக்கு நடந்தபோது இடதுகால் செருப்பு பின்னாலேயே கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது.

“அண்ணே, இன்னைக்குக் கடல்ல இறங்குனியளா?”

“காலையில மூணு தடவ இறங்கியிருக்காவ,” என்றார் மனைவி.

“அதான் வலி போயிட்டுல்லா, பெறவென்ன?”

“என் கைக்கும் எல்லாம் சரியாத்தான் தெரியுது. என் கைய நம்பாதிய. ஒங்க காலுக்குச் செருப்பு கழண்டது தெரியல. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போணும்.”

தான் உயிராக நேசித்த வித்தை வெற்றி பெற்றுவிட்டதாக நோயாளியே சொல்லும் வேளையில் இதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? எனக்கு வந்திருக்காது. ஆட்டோவில் அவர்களோடு டாக்டரம்மாவும் ஏறிப் போனார். ஆழத்து அழுத்தத்திலிருந்து சட்டென மேலே வந்ததால் உண்டான கோளாறு என்றார்கள் ஆஸ்பத்திரியில். மறுநாள் முங்கியிருந்தால் பிழைத்திருப்பது சந்தேகம்தானாம். இடதுகால் இன்றும் கொஞ்சம் இழுக்கிறது. படகுக்குப் போகிறார், முங்குவதில்லை.

நேற்று வந்த ஒருவர் மண்டையோட்டைக் காட்டி, “இந்த எலும்பெல்லாம் அசையுமா சார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருடைய கழுத்து வலிக்குச் சிகிச்சை கொடுத்து அனுப்பிவிட்டு, வாசலைத் தாண்டும்வரை அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.