குறட்டை என்று நினைத்தார்கள்

கார் ஓட்டக் கற்றுத்தரும் அந்தப் பெண்ணுக்கு மாணவர்கள் வைத்த பெயர் கிளச் அக்கா. "கிளச், கிளச்!" என்று அவள் போடும் கூச்சலில் தெருநாய்கூட ஒதுங்கிப் போகும். தம்பி போன பிறகு அந்தக் கூச்சல் கொஞ்ச காலம் அடங்கிக் கிடந்தது.

நண்பன் வீட்டுப் பிறந்தநாளில், மதுவோடு யாரோ கொடுத்த மாத்திரையையும் தம்பி விழுங்கியிருந்தான். சரிந்து படுத்தவன் குறட்டை விட்டான். பாவம், தூங்கட்டும் என்று கூட்டாளிகள் போர்வையைப் போர்த்திவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்கள். காலையில் உடம்பு சில்லிட்டிருந்தது.

"அது குறட்டை இல்லம்மா, மூச்சு திணறின சத்தம்" என்றார் மருத்துவமனை டாக்டரம்மா. "அப்பவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தா பிழைக்க வாய்ப்பு இருந்துச்சு."

அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கூட்டாளிகள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதுதானே தன் பிழைப்பு! டாக்டரம்மாவிடம் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, தம்பி படித்த கல்லூரியின் முதல்வரிடம் போய், மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஒரு வகுப்பு கேட்டாள்.

"இதுக்குப் பாடம் எடுத்தா, நாமளே அனுமதி குடுத்த மாதிரி ஆயிடும்மா."

"சீட் பெல்ட் போடுன்னு சொல்றேன் சார். போய் மோதுன்னா சொல்றேன்?"

அவர் சிரித்தார், ஆனால் மசியவில்லை. வீட்டில் அம்மா வேறு அழுதாள்: "போனவன் போயிட்டான். அவன் பேரை ஏன்டி சந்திக்கு இழுக்கறே?"

"இன்னொரு அம்மா இப்படி அழக் கூடாதும்மா."

மேடை இல்லாவிட்டால் என்ன, கார் இருக்கிறதே! பயிற்சி முடிந்து வண்டியை ஓரங்கட்டியதும் ஆரம்பிப்பாள்: "குடியையும் மாத்திரையையும் தொடாம இருக்கறதுதான் நல்லது. மீறி எடுத்து யாராவது விழுந்துட்டா, தனியா விட்டுட்டு ஓடாதீங்க. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. என்ன சாப்பிட்டாங்கன்னு ஒளிக்காம சொல்லுங்க."

விஷயம் காதில் விழுந்த ஓர் அப்பா மகளைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார். இன்னும் சிலரும் நின்றார்கள். நிற்பவர்கள் நிற்கட்டும் என்று இவள் பிடித்த பிடியை விடவில்லை.

ஒரு மதியம் பழைய மாணவி ஒருத்தி அதே கல்லூரியின் விடுதியிலிருந்து போனில் பதறினாள். "அக்கா, ரூம்ல கூட இருக்கறவ எழுந்திரிக்கவே மாட்டேங்கறா. ஏதோ மாத்திரை போட்டிருக்கா. குறட்டை மாதிரி சத்தம் வருது!"

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டியா?"

"வார்டனுக்குத் தெரிஞ்சா..."

"வார்டன் கிடக்கட்டும். போனை வச்சுட்டு முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடு!"

கூப்பிட்டாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வண்டி வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தோழி பிழைத்தாள். ஆனால் கல்லூரி இரண்டு பேரையும் விடுதியைவிட்டு வெளியேற்றியது.

கிளச் அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. பிழைத்தவளின் அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு முதல்வர் அறைக்குள் நுழைந்தாள்.

"கூப்பிட்டவளையே தண்டிச்சா, அடுத்தவ கூப்பிட மாட்டா சார். கதவைச் சாத்திட்டுப் போயிடுவா."

முதல்வர் அந்த அம்மாவைப் பார்த்தார். "என் பொண்ணு உயிரோட இருக்கா சார்" என்றாள் அவள்.

இருவரையும் திரும்பச் சேர்த்தார்கள். ஆபத்தில் உதவிக்குக் கூப்பிடுபவர்கள்மேல் நடவடிக்கை கிடையாது என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். பாடத்துக்கும் சம்மதித்த முதல்வர் ஒரே நிபந்தனை போட்டார்: டாக்டரம்மா கூட இருக்க வேண்டும்.

முதல் வகுப்பில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "மாத்திரையோட ஒரே ஒரு பீர்தானே, என்ன ஆகிடும்?" என்றான். அரங்கமே சிரித்தது. கிளச் அக்கா சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி. எழுந்து நின்னு கேளுப்பா, டாக்டரம்மாவுக்குக் காதுல விழணும்."

அவன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சில கைகள் உயர்ந்தன.