அண்ணி கழுவிவிட்ட மரத்தரை

கடலூரில் யார் வீட்டிலாவது மரத்தரை உண்டா? உப்புக்காற்று, ஐப்பசி மழை, கரையான், இதெல்லாம் போதாதென்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் பெண்கள். எல்லாம் தெரிந்துதான் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு மரத்தரை போட்டேன். அழகுக்கு ஆசைப்பட்டு இல்லை, என் வீட்டுக்காரருக்காக.

பக்கவாதம் வந்து, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவர், வந்த வாரமே டைல்ஸில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தனியாகக் காலை ஊன்ற மாட்டேன் என்றுவிட்டார். நான் பிடித்தால் நாலு அடி வைப்பார், கையை விட்டால் கட்டிலுக்குத் தாவுவார். பயிற்சி கொடுக்க வந்த பெண், "காலுக்கு பலம் வந்துடுச்சும்மா, பயந்தான் போவல" என்றாள். அவர் மறுபடி தானாக நடக்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

கடையில் காட்டியதில் பாதி, மரம் மாதிரி அச்சடித்த பளபள அட்டை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று தேய்த்துப் பார்த்தேன்.

"கால வச்சுப் பாக்குற மொத கஸ்டமர் நீங்கதாம்மா" என்று கடைக்காரர் சிரித்தார்.

"நடக்கப் போறது கண்ணு இல்லீங்களே" என்றேன்.

கடைசியில் பாலிஷ் குறைவான தேக்குப் பலகைக்கு வந்து சேர்ந்தேன். கடலோரக் காற்று பழகட்டும் என்று ஆசாரி பலகைகளைச் சில நாள் அறையிலேயே அடுக்கிவைத்தார். பிறகு கீழே சட்டம் அடித்து, கரையான் மருந்து வைத்துப் பொருத்தினார். போகும்போது, "துணியக்கூட நல்லாப் பிழிஞ்சிட்டுத் தொடைங்க. தண்ணி மட்டும் ஆவாது" என்றார்.

அன்றிலிருந்து நான் காவல்காரி. ஃபாதர் வந்து அறையை மந்திரித்தபோது, அவர் தீர்த்தம் தெளிக்கத் தெளிக்க நான் பின்னாலேயே துணியோடு துடைத்துக்கொண்டு போனேன். "ஆசீர்வாதத்தையும் சேத்துத் தொடைச்சிடாதம்மா" என்றார் ஃபாதர். நோய் வந்த பிறகு இவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். மரம் இவர் காலுக்குப் பிடித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை போய் வந்தார். தனியாகப் போகச் சொன்னால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

கிறிஸ்துமஸ் நெருங்கியதும் எனக்கு ஒத்தாசைக்கு இவருடைய அக்கா சிதம்பரத்திலிருந்து வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பெருவிழாவுக்கு முன்னால் கழுவாத வீடு அவர் கணக்கில் வீடே இல்லை. நான் பலகாரத்துக்கு மாவும் எண்ணெயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புகிறேன், இவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மரத்தரையில் வெள்ளமாக நின்ற தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருக்கிறார். ஃபினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது.

"அண்ணி, மரத்துல யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா?"

"ஏன், கதவ ஊத்திக் கழுவல? கட்டில ஊத்திக் கழுவல? பொறக்கப்போற பாலனுக்கு அழுக்கு வூட்டையா காட்டுவ?"

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணி பழைய வேட்டிகளை எடுத்து மண்டி போட்டுத் துடைத்தார். ஃபேனை முழு வேகத்தில் வைத்தோம். என்ன செய்து என்ன, மறுநாள் பலகைகள் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன. இவர் அதைப் பார்த்தார். "தட்டி வுட்டுடும், நான் நடக்கல" என்று காலைக் கட்டில்மேல் எடுத்து வைத்துக்கொண்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். கொஞ்ச நேரத்தில் அண்ணியும் வந்து பக்கத்தில் நின்று அழுதார். அவருக்கு இவர் கூடப்பிறந்த தம்பி இல்லையா.

மழை விட்டு வெயில் வந்ததும் பலகைகள் ஒவ்வொன்றாகப் படிந்தன. அறை வாசல் பக்கத்துப் பலகை மட்டும் ஆணி தளர்ந்துபோய், மிதித்தால் கிரீச்சென்று கத்தியது. பொங்கலுக்கு முன்னால் வந்து மாற்றிவிடுவதாக ஆசாரி சொன்னார். இவரோ என் கையைப் பிடித்துக்கொண்டுகூட இறங்க மறுத்துவிட்டார். கிறிஸ்துமஸும் போனது. அண்ணிக்கு ஊருக்குப் போக மனசில்லை.

ஒருநாள் காலை அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் சட்னி அரைக்க மிக்ஸியில் கை வைத்தேன். கிரீச்சென்று சத்தம் கேட்டது. வீட்டில் இருப்பதே மூன்று பேர், அதில் இரண்டு பேர் அடுப்படியில் இருக்கிறோம். அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஓடினால் பயந்துவிடுவாரே என்று மெதுவாக எட்டிப் பார்த்தேன். ஒரு கை கதவு நிலையில், இன்னொரு கையில் ஒன்றும் இல்லாமல், அறை வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார்.

"எது படிஞ்சிருக்கு, எது தூக்கியிருக்குன்னு ஒவ்வொண்ணா மிதிச்சுப் பாத்துட்டு வந்தேன். இது ஒண்ணுதான் கத்துது" என்றார். பிறகு, "காப்பி ஆச்சா?"

அண்ணி தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு சிலுவை போட்டுக்கொண்டார். நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். என் கையும் பயிற்சியும் செய்யாததை அவர் ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர் செய்துவிட்டது. ஒவ்வொரு செபத்திலும் அவர் பெயரைச் சொல்கிறேன்.

சொன்னபடி ஆசாரி புதுப் பலகையோடு வந்தார். வேண்டாம் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் அந்தப் பலகை கத்தும்வரை நான் மிக்ஸி போடுவதில்லை.