இல்லாத பிப்ரவரி 29

அடுத்தவர் எழுதிய கணினி நிரலில் ஒரு தவறைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அந்தக் குணம்தான் என்னைக் கவிழ்த்தது.

எக்செல் கோப்புகளை எழுதித்தரும் திறந்தமூல நிரல் நூலகம் ஒன்றைப் பைத்தான் மொழியிலிருந்து ரஸ்ட் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது, ஆசைதான். திருத்தணியில் மலைக்கு வண்டிகள் ஏறும் சாலைப் பக்கம் எங்கள் வீடு. கிருத்திகையன்று ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒரு வரி ஓடாது. மற்ற நாட்களில் நன்றாகவே ஓடியது. நிரல் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை மூல நூலகத்திலிருந்து அப்படியே கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் தேறும்வரை எழுதுவது இந்த வேலையின் வழக்கம்.

ஒரு சோதனை மட்டும் தேறவில்லை. 1900ஆம் ஆண்டில் பிப்ரவரி 29 இருக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு லீப் ஆண்டே அல்ல. எக்செல் அந்த நாளைத் தவறாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது, ஆகவே நாமும் சேர்த்தே ஆக வேண்டும் என்று மூல ஆசிரியர் அங்கேயே குறிப்பும் எழுதியிருந்தார். படித்தேன், சிரித்தேன், சோதனையை அழித்தேன்.

என் மனைவிக்கு இங்கே ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. கண்புரை அறுவைக்கு யார் எந்த நாளில் வர வேண்டும் என்ற பட்டியலை என் நிரலிலேயே போட்டுத் தருகிறேன் என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். எக்செல் எந்தத் தேதியையும் 1900இன் தொடக்கத்திலிருந்து நாள் எண்ணித்தான் வைக்கிறது. அந்த இல்லாத நாளையும் சேர்த்து ஒரு நாள் கூட்டி எண்ணுகிறது, நான் கூட்டவில்லை. எல்லாத் தேதியும் ஒரு நாள் முன்னதாக விழுந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் எல்லோருக்கும் போன் செய்தாள்.

பட்டியலின் முதல் நாளுக்குரிய நான்கு முதியவர்கள் திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து துணிப்பையோடு மருத்துவமனையில் வந்து இறங்கினார்கள். டாக்டர் மறுநாள்தான் வருவார். மங்கலான கண்ணோடு திரும்பிப் போனால் மறுபடி வராமலே இருந்துவிடுவார்கள் என்று பயந்து, நால்வரையும் மனைவி வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில என்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"நாந்தான் தேதிய மாத்தி சொல்லிட்டேன்னேன். நீங்க போய் தோச மாவு வாங்கியாங்க."

மாவு வாங்கி வந்து, தவறு என்னுடையது என்று அந்த முதியவர்களிடம் ஒப்புக்கொண்டேன்.

"அதுக்கு ஏன் நைனா மூஞ்ச தொங்கப் போட்டுகினு நிக்கிற?" என்றார் அவர்களில் ஒரு அம்மா. "ஒரு நாள் முந்திதான வந்தோம். லேட்டா வந்திருந்தா டாக்டரு கெளம்பிப் பூட்டிருப்பாரு."

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் நால்வருக்கும் அறுவை நல்லபடியாக முடிந்தது. அழித்த சோதனையைக் குறிப்போடு திரும்ப வைத்துவிட்டு, மூல ஆசிரியருக்கு நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் எழுதினார்: முதலில் அவரும் அதைத் திருத்தி மாட்டிக்கொண்டவர்தானாம். அதனால்தான் அந்தக் குறிப்பாம். எந்த ஊரென்றே தெரியாத மனிதர். அவருக்கு நான் என்றும் நன்றி உள்ளவன்.

இனிப் பட்டியலை அவள் கையாலேயே எழுதிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். அடுத்த மாதம் வேலைக்குக் கிளம்பும்போது, "லிஸ்ட் போட்டுட்டீங்களா?" என்றாள். ஒவ்வொரு தேதியையும் சுவர்க் காலண்டரோடு ஒப்பிட்டுவிட்டு நீட்டினேன். ஒன்றைக்கூடப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.